பத்து நாள் வராத பிள்ளை

அதிபரின் தொலைபேசி வந்தபோது மருத்துவமாது சீதாதேவி கிளினிக்கில் கடைசிக் குழந்தையை எடை நிறுத்துக்கொண்டிருந்தாள். பத்தாம் தரத்துக் கேஷானி பத்து நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை என்றார் அவர். கூடப் படிக்கும் பிள்ளைகளை விசாரித்ததில், அவளை இன்றைக்கே றக்வான பக்கத் தோட்டமொன்றுக்குக் கூட்டிப்போகிறார்கள், அங்கே ஒரு பையனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்று தெரியவந்ததாம்.

மணி பன்னிரண்டரை. தோட்டச் சந்தியிலிருந்து அடுத்த பஸ் ஒன்றேகாலுக்கு. சீதாதேவி புத்தகங்களை மூடிவைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

யட்டியாந்தோட்டையிலிருந்து அந்த ரப்பர் தோட்டத்துக்கு ஒரே ஏற்றம். காலையில் பெய்த மழையில் பாதை வழுக்கியது. போகும் வழியெல்லாம் டிலானியின் முகம்தான் அவளுக்குள் வந்து வந்து போனது. போன வருஷம் பதினைந்து வயதில் கலியாணம் முடித்துவைத்த பிள்ளை டிலானி. பொலிசுக்குப் பயந்து எட்டு மாதம் வரை வயிற்றை ஒளித்துவைத்தார்கள். வலிப்பு வந்த பிறகுதான் சீதாதேவிக்கு ஆள் அனுப்பினார்கள். குழந்தை பிழைத்தது. டிலானி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு நடந்த பிரதேச செயலகக் கூட்டத்தில் சீதாதேவி எழுந்து நின்று கேட்டாள். கலியாணம் முடித்தவர்களின் பெயர்தான் தன் பதிவேட்டில் இருக்கிறது, படிக்கிற பிள்ளைகளின் பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, படிப்பை நிறுத்தி வீட்டில் இருக்கிற பிள்ளை யார் கணக்கில் என்று. கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. ஒரு பெண்பிள்ளை பத்து நாள் வராவிட்டால் பள்ளிக்கூடம் மருத்துவமாதுவுக்குச் சொல்ல வேண்டும். அவள் உடனே வீட்டுக்குப் போய், ஏன் நின்றாள் என்று கேட்டு எழுத வேண்டும். அந்தக் காரணத்துக்குச் செயலகம் வழி செய்ய வேண்டும். எழுதி ஒப்பமும் வைத்தாகிவிட்டது. அதன்படி வந்த முதல் அழைப்பு இதுதான்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கேஷானி வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. இப்போதுதான் சந்திக்குப் போனார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சந்தியில் மூன்று பேர் நின்றார்கள். கேஷானியின் அப்பா முத்துவீரன், பையனின் தாய் அழகம்மா, இருவருக்கும் நடுவே புதுச் சேலையை ஒரு கையால் தூக்கிப்பிடித்தபடி கேஷானி. சீதாதேவியைக் கண்டதும் முத்துவீரனின் முகம் இறுகியது.

“ஒறவுக்காரங்க வீட்டுக்குப் போறோம் மிஸ்ஸி. நாலு நாள்ல வந்துருவோம்.”

சீதாதேவி அழகம்மாவிடம் திரும்பினாள். இந்தப் பிள்ளைக்குப் பதினாறு ஆகவில்லை, வீட்டில் வைத்துக்கொண்டால் உங்கள் மகனைத்தான் பொலிஸ் கொண்டுபோகும், பிள்ளையே சம்மதித்தாலும் சட்டம் அதைக் கேட்காது என்றாள். அழகம்மாவின் கை கேஷானியின் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. வயசு பதினெட்டு என்றுதானே சொன்னீர்கள் என்று முத்துவீரனைக் கேட்டாள்.

கீழ் வளைவில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. சீதாதேவியின் கையில் தொலைபேசி இருந்தது. பொலிசுக்கு ஓர் அழைப்புப் போதும், இந்தப் பயணம் நின்றுவிடும். ஆனால் கேஷானியை எங்கேயோ ஒரு விடுதிக்கு அனுப்புவார்கள். நாளைக்கு எந்த லயத்திலும் தனக்குக் கதவு திறக்காது. அடுத்த டிலானியையும் ஒளித்துத்தான் வைப்பார்கள். அவள் தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஏன் அண்ணே படிப்ப நிறுத்தினீங்க என்று மட்டும் கேட்டாள்.

முத்துவீரன் மேலே மலையைக் கையால் காட்டினார். “ரப்பர் மலைக்குள்ள மூணு கட்டை தூரம் நடந்து வர்றா. ரெண்டு பேரு பின்னாலயே வர்றானுங்க. நான் ரப்பர் பால் வெட்டப் போனா யாரு பாக்கிறது? அவ அம்மா குவைத்துல கெடக்கிறா. ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா எனக்குத் தூக்கமாவது வரும்.”

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் எட்டிப்பார்த்து, “நகினவாத?” என்று கேட்டான். ஏறுகிறீர்களா என்றுதான் சிங்களத்தில் கேட்டான். அழகம்மா தன் பையை எடுத்துக்கொண்டு தனியாக ஏறினாள். முத்துவீரன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தார்.

“அப்பா, நான் வரல,” என்றாள் கேஷானி.

மெதுவாகத்தான் சொன்னாள். கொண்டக்டர் மணியடித்தான். முத்துவீரன் காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டார்.

“இன்னைக்கு நிப்பாட்டிட்டுப் போயிருவீங்க மிஸ்ஸி. நாளைக்கு?” என்றார்.

சீதாதேவி அங்கேயே நின்று செயலகத்துக்குப் பேசினாள். காரணம் பாதை, பாடசாலை பஸ்ஸைத் தோட்டம் வரை ஏற்ற வேண்டும் என்றாள். டிப்போவுக்கு எழுத வேண்டும், மூன்று வாரமாவது பிடிக்கும் என்றார்கள். அதுவரைக்கும் நானே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று முத்துவீரனிடம் வாக்குக் கொடுத்தாள். பாதையில் பின்தொடர்ந்த அந்த இருவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் சொன்னதன்பேரில் பொலிசின் பெண்கள், சிறுவர் பிரிவு அவர்களைக் கூப்பிட்டு எச்சரித்தது.

தினமும் ஆறரைக்கு ஸ்கூட்டர் லயத்துக்கு ஏறியது. எட்டாம் நாள் ருவான்வெல்லைப் பக்கத்தில் ஒரு பிரசவம். குழந்தை வெளியே வரும்போது ஏழேகால். தொலைபேசிக்கு முத்துவீரன் பதில் தரவில்லை. சீதாதேவி போனபோது கதவு பூட்டிக்கிடந்தது. சந்தியிலும் யாரும் இல்லை. பிள்ளையை விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். ஸ்கூட்டரைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பினாள்.

பள்ளிக்கூட வாசலில் முத்துவீரன் நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை, இடுப்பில் பால்வெட்டுக் கத்தி. பாதி மரங்களில் பால் வெட்டாமல் கிடக்கிறது, கங்காணி ஏசுவான் என்றார். அந்த மூன்று மைலும் மகளோடு நடந்து வந்திருந்தார்.

“நீங்க வரலேன்னதும் என்னமோ மாதிரி ஆயிருச்சு. பிள்ள உடுப்பெல்லாம் போட்டுட்டு நிக்கிறா. எப்பிடி வீட்டுலயே விட்டுட்டுப் போறது?”

சீதாதேவி ஸ்கூட்டரை நிறுத்தி மதிலில் சாய்ந்துகொண்டாள்.

பஸ் மூன்று வாரத்தில் வரவில்லை, ஐந்தாம் வாரம் வந்தது. முதல் நாள் கேஷானியோடு, அதே பாதைக்குப் பயந்து எப்போதோ நின்றுபோன இன்னும் இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். அந்த வருஷம் ஒன்பது அழைப்புகள் வந்தன. ஏழு பிள்ளைகள் திரும்பப் படிக்கப் போனார்கள். மற்ற இருவர் வீட்டுக்கு அவள் பிந்திப் போனாள், அதற்குள் கலியாணம் முடிந்திருந்தது. அவர்களில் ஒருத்திக்கு ஆவணியில் குழந்தை பிறந்தது. இரண்டாம் மாதத்திலேயே அவளைக் கிளினிக்குக்கு வரவைத்ததால் தாயும் பிள்ளையும் சுகம். மற்றவள் எங்கே இருக்கிறாள் என்று சீதாதேவி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.