பிள்ளைகள்: இல்லை

ஹெலன் டீச்சர் கனடா போகப்போகிறார் என்ற சேதி, டீச்சர் விசாவுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. கொண்டுபோய்ச் சேர்த்தவள் மாடிவீட்டு முத்தம்மா. "மகளுக்குப் பிரசவம், ஜனவரியில. டீச்சர் இல்லாம அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஓடாது" என்று கறிவேப்பிலை வாங்கிய இடத்தில் சொன்னாள். வெங்காயம் வாங்கிய இடத்தில் அது இரட்டைப் பிள்ளை ஆகியிருந்தது.

டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது தெருவுக்கே தெரியும். கனடாவில் இருக்கும் சிந்தியா அவருடைய அக்கா பெண். தங்கவயலில் அக்கா செத்துப்போனபோது குழந்தைக்கு நாலு வயது. அப்பன்காரன் வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டான். டீச்சர் ரயிலேறிப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா பெண் என்றால் நம்மவர்களுக்கு மகள்தானே? அவள் சித்தி என்று கூப்பிடுவாள், இவர் மகள் என்று சொல்வார். இருபத்தெட்டு வருஷமாக அதில் யாரும் குற்றம் கண்டதில்லை. அவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தது, கல்யாணத்தன்று மாதா கோயிலில் கைபிடித்துக் கொடுத்தது எல்லாம் டீச்சர்தான். தத்துப் பத்திரம் என்று ஒன்று எழுதிவைக்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் தோன்றியது டொமினிக்குக்குத்தான். ஆதார் திருத்தம் முதல் விசா வரை எதை வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் தட்டிக்கொடுக்கும் பிரௌசிங் கடைக்காரன். டீச்சரிடம் ஏழாங்கிளாஸ் படித்தவன். அன்று சனிக்கிழமை சாயந்திரம். கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். சர்ச் கொயரில் பாடும் கிளிஃபர்ட் பான் கார்டோடு உட்கார்ந்திருந்தார். காது முழுக்க இந்தப் பக்கம்.

"குடும்ப விவரம் டீச்சர். அப்பா?"

"இல்லப்பா. போய்ட்டார்."

"அம்மா?"

"அவங்களும்."

"ஹஸ்பெண்ட்... சரி, அது விடுங்க. கூடப்பொறந்தவங்க?"

"அக்கா ஒருத்திதான். உனக்குத்தான் தெரியுமே."

டொமினிக் தட்டிக்கொண்டே போனான். கட்டத்துக்குக் கட்டம் காலமானவர்களாகவே வந்தார்கள்.

"பிள்ளைங்க?"

"சிந்தியா" என்றார் டீச்சர். அன்றைக்கு அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது அந்த ஒரு பதிலுக்குத்தான்.

டொமினிக்கின் விரல் நின்றது. சிந்தியா அனுப்பிய அழைப்புக் கடிதத்தை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தான். "இதுல அவ 'மை ஆண்ட்'டுனு எழுதியிருக்கா. நீங்க டாட்டர்னு போட்டா ரெண்டும் இடிக்கும். பொய்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக முடியாது."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார். பழக்கதோஷத்தில் பிழை தேடினார் போல. ஒரு பிழையும் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் ஆயிற்றே.

"மகள் முறைதானே டொமினிக்?"

"முறைக்கெல்லாம் கட்டம் இல்ல டீச்சர். அக்கா பொண்ணுக்கும் இந்தப் பக்கத்துல கட்டம் கிடையாது. பெத்ததா இருக்கணும், இல்ல சட்டப்படி தத்து எடுத்ததா இருக்கணும். ரெண்டும் இல்லன்னா, 'இல்லை'."

"அப்ப காலியா விட்டுடேன்."

"காலியா விட்டா அப்ளிகேஷன் திரும்பி வந்துடும் டீச்சர்."

டீச்சர் போனை எடுத்தார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேச வரும். அங்கே காலை எட்டரை மணி. சிந்தியா எங்கேயோ ஓடிக்கொண்டே பேசினாள்.

"இல்லைன்னே போடு சித்தி. அது சும்மா ஃபார்ம்தானே? இதுக்கெல்லாம் யாராவது போன் பண்ணுவாங்களா?" பிறகு ஓட்டம் நின்றது. "சித்தி, சீக்கிரம் அனுப்பு. இவருக்கு வேற அந்த மாசம் வெளியூர் வேலை. தனியா எனக்குப் பயமா இருக்கு."

டீச்சர் போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"போடுப்பா."

"பிள்ளைகள், இல்லை. சரிதானே டீச்சர்?" கடைசியில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுவது டொமினிக் கடை வழக்கம். கிளிஃபர்ட் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"சரி."

"மனசுல வெச்சுக்காதீங்க."

"கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் சொல்லு."

பத்து நாள் கழித்து, விண்ணப்ப மையத்தில் கைரேகை எடுத்தார்கள். கவுண்டரில் வீணா என்று ஒரு கன்னடத்துப் பெண். நல்ல பெண்தான், சும்மா இருக்கக் கூடாதே என்று, யாரைப் பார்க்கப் போகிறீர்கள் எனப் பேச்சுக் கொடுத்தாள். "யாரன்ன நோடக்கே ஹோக்தீரா ஆண்டி? மகளா?"

கன்னடத்திலும் மகள் மகள்தான். பாஷை மாற்றித் தப்பிக்கவும் வழியில்லை. டீச்சர் வாயைத் திறந்தார், 'ஆமாம்' அங்கேயே வந்து நின்றது.

"அல்லம்மா" என்றார். "அக்கன மகளு."

"ஓ" என்றாள் வீணா. டீச்சரின் நாலு விரலையும் பிடித்துக் கண்ணாடியில் அழுத்தினாள்.

நவம்பரில் விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட் கவரோடு டீச்சர் கேட்டைத் திறக்கும்போதே முத்தம்மா படியிறங்கி வந்தாள்.

"வந்துடுச்சா டீச்சர்? மகளுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. அக்கா பொண்ணுக்கு ரொம்ப சந்தோஷம்."

முத்தம்மாவின் கால் அந்தப் படியிலேயே நின்றது. "என்ன டீச்சர், புதுசா அக்கா பொண்ணுன்றீங்க?"

"ஏர்போர்ட்லயும் கேப்பாங்களாம் முத்தம்மா. நாக்கு பழகணுமில்ல."

பின்பாதி முத்தம்மா காதில் ஏறவேயில்லை. வெளிச்சம் மங்குவதற்குள், டீச்சருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பெரிய சண்டை, பேச்சுவார்த்தையே இல்லை, போனதும் திரும்பிவிடுவார் என்று மார்க்கெட் வரை போய்விட்டது. டீச்சரிடம் நேரில் கேட்கத்தான் ஒருவரும் வரவில்லை.

டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடந்துகொண்டிருந்தார். "ஐ ஆம் கோயிங் டு சீ மை நீஸ்." ஒரு நடை. "மை நீஸ், சார்." இன்னொரு நடை. இரண்டு தடவை நாக்கு தவறி 'டாட்டர்' என்றது. இரண்டு தடவையும் நின்று, முதலிலிருந்து சொன்னார். ஜன்னலோரமாகப் போனவர்களுக்கெல்லாம் தெளிவாகக் கேட்டது. தனியாக இருக்கிற பொம்பளை யாரிடம் இப்படி இங்கிலீஷில் பேசுகிறாள் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை.