பகல் தூக்கத்துக்கு ஓர் அறை

அந்த வீட்டில் பகலில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏதோ சண்டை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போடுவதாக இருந்தாலும் அங்கே சத்தமில்லாமல்தான் போட வேண்டும். வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஊரெல்லாம் எழுந்து பல் தேய்க்கிற நேரத்தில் தலையெல்லாம் மாவோடு வந்து, குளித்து, கூடத்தில் மெத்தையை விரித்து, கண்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார்.

அவருக்கு வாய்த்த மனைவியோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்த மூலையில் நின்று ஒரு குரல் கொடுத்தாளென்றால், அந்த மூலையில் மரத்தடியில் பதுங்கியிருக்கிற பிள்ளைகள் அலறியடித்துக்கொண்டு ஓடி வரும். கூடப்பிறந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயரே விசில். அந்த விசில் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் ஊமையாகிவிடும். குக்கருக்குப் பகலில் அடுப்பேற அனுமதி இல்லை. குழாயைத் திறப்பதென்றால் அடியில் துணியைப் போட்டுத்தான் திறக்க வேண்டும். அண்ணன், அக்கா என்று யார் வந்தாலும் பேச வேண்டியதை எல்லாம் கையாலேயே பேசிக்கொள்வார்கள். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் தேநீர், காதைத் திருகினால் தொலைபேசி, நெற்றியில் அறைந்துகொண்டால் பாலை அடுப்பில் வைத்து மறந்துவிட்டேன்.

அறையில் போய்ப் படுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். படுக்கலாம்தான். தெருப்பக்க அறையை ஒட்டினாற்போல ஸ்கூட்டர் பட்டறை. நாள் முழுக்க அங்கே எதையாவது முறுக்கிக்கொண்டே இருப்பார்கள். பின்பக்கம் இன்னொரு அறை இருக்கிறது. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. இருட்டும் அமைதியும் அதற்குள்ளே கொட்டிக் கிடக்கின்றன. கூடவே அண்ணன் சாமான், அண்ணி சாமான், அக்கா சாமான் என்று கூரை வரைக்கும் கொட்டிக் கிடக்கின்றன. விசிலின் பெற்றோர் விட்டுப்போன வீடு அது. அங்கிருந்து தனிக்குடித்தனம் போனவர்கள் எல்லோரும், "இப்போதைக்கு இங்க இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனவைதான் அத்தனையும். அந்த இப்போதைக்கு முடிகிற வழியைக் காணோம்.

விசிலும் இத்தனை காலம் அதை ஆறப்போட்டுவிட்டாள். போன மாதம் ஒரு விடியற்காலையில் அவர் கையில் கட்டோடு வந்து நின்றார். அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது நின்ற வாக்கில் கண் சொக்கிவிட்டதாம், முழங்கை வரை சுட்டுவிட்டது. "சின்னக் காயம்தான், விடு" என்றார். விசிலால் விட முடியவில்லை. இன்றைக்குக் கை, நாளைக்கு என்ன? நன்றாகத் தூங்கி எழாவிட்டால் இந்த மனிதர் அந்த அடுப்பு வாயிலேயே ஒருநாள் விழுந்துவிடுவார். அதன் பிறகு இரவுகளில் அவர் வேலையில் இருக்க, இவள் படுக்கையில் கண் விழித்துக் கிடந்தாள். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடுமே.

அடுத்த தெருவில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய், அக்காவையும் அங்கேயே வரவழைத்து, ஒரு பிடி பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரணும். அந்த ரூமைக் காலி பண்ணியே ஆகணும். வரலைன்னா மொத்தத்தையும் தெருவுல தூக்கிப் போட்டுடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "அவங்கவங்களுக்கு அவங்கவங்க சாமான்மேல பாசம் இருக்குமே, விசிலு," என்று இழுத்தான்.

அண்ணிக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. "அப்போ யாரும் சொந்தச் சாமானைத் தொடவே வேண்டாம். என்னோடதை உங்க அக்கா பார்க்கட்டும், அவங்களோடதை நான் பார்க்கிறேன். இருக்கணுமா, போகணுமான்னு அடுத்தவங்கதான் தீர்ப்பு சொல்லணும். அப்பதான் ஒருத்தருக்கொருத்தர் உதவி."

மருந்துக்கடை வைத்திருக்கிற அக்கா உடனே தலையாட்டினாள். அண்ணியின் சாமானில் கை வைக்க வெகுநாளாக அவளுக்கு ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடை நடந்து வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு ஒருநாள் அவரை அக்கா வீட்டில் படுக்கச் சொல்லியும் பார்த்தாகிவிட்டது. அவள் வீடோ கடைத்தெரு மாடி, அங்கே எவன் தூங்குவான்? ஆகவே அவர் வழக்கம்போலக் கூடத்தில், துண்டுக்கு அடியில்.

வேலை ஆரம்பித்தது. நாலு பேர், ஓர் அறை, ஒரு சத்தம் கிடையாது. அக்கா அண்ணியின் கல்யாணப் பரிசுக் கடிகாரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தாள். அண்ணி இரண்டு கையையும் கூப்பினாள். அக்கா மறுபடியும் கவிழ்த்தாள். அண்ணி கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பதிலுக்கு அண்ணி, அக்கா சேர்த்து வைத்திருந்த மருந்துக்கடை அட்டைப்பெட்டிகளைக் காட்டி மூக்கைப் பொத்தினாள். அக்கா கண்ணை உருட்டினாள். வாயைக் கட்டிப்போட்டுவிட்டால் மனிதர்களுக்குப் பிடிவாதம் இரண்டு பங்காகும்போல. பேசி மடக்க வழியில்லை, கெஞ்சிக் கரைக்க வழியில்லை. கடைசியில் எல்லா வழக்குக்கும் ஒரே தீர்ப்புதான் கிடைத்தது. அப்புறம் பார்த்துக்கலாம்.

அப்புறம் பார்க்க வேண்டியதை எங்கே வைப்பது? வாசலுக்குக் கொண்டுபோகலாமென்றால் அந்த இரும்பு கேட்டு இருக்கிறதே, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சும்மா இருக்கும், அதற்குமேல் ஒரு விரல் தள்ளினால் அலறித் தெருவையே கூட்டிவிடும். ஆகவே கூடத்தில் சுவரோரமாக வைத்தார்கள். சுவரோரம் நிறைந்ததும் அதற்கு முன்னால் இன்னொரு வரிசை. அதுவும் நிறைந்ததும் அதற்கு முன்னால். ஒவ்வொருவரும் தான் தூக்கி வந்ததை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பினார்களே தவிர, எவரும் நின்று பார்க்கவில்லை. மத்தியானம் தாண்டியதும் பின்னறை துடைத்துவிட்டாற்போலக் காலி. விசிலுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் வெற்றிக்களிப்பில் கடைசிச் சாமானாக ஒரு பழைய கிடாரைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தான். மீன்தொட்டிமேல் சாய்த்து வைத்தான். அது வழுக்கி விழுந்தது.

டொய்ங்ங்ங்.

நாலு பேரும் சிலையானார்கள். சாமான் குவியலுக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் மேலே எழும்பியது. துண்டைப் பிடித்த கை.

"இது எந்தக் கடைங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் எப்படி வெளிய வர்றது?"

அப்போதுதான் பார்த்தார்கள். ஒரு பக்கம் மீன்தொட்டி, ஒரு பக்கம் நிலைக்கண்ணாடி, கால்மாட்டில் அண்ணன் இளமையில் தூக்கிய இரும்பு எடைகள், தலைமாட்டில் குழந்தையைத் தள்ளுகிற வண்டி. மனிதருக்கு நாலு பக்கமும் கோட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள்! விசில் தலையில் அடித்துக்கொண்டாள். அறையைக் காலி செய்கிறோம் என்று, அவர் படுத்திருந்த ஒரே இடத்தையும் அல்லவா அடைத்துவிட்டார்கள்.

முதலில் சிரித்தவர் அவர்தான். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கு அணை உடைந்தது. காலையிலிருந்து தொண்டையில் தேக்கி வைத்திருந்த பேச்சு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்தது.

"உங்க தொட்டியாலதான் எல்லாம்!" என்றாள் அண்ணி.

"ஒழுகுற இடத்தை அடைச்சா தொட்டி புதுசு மாதிரி," என்றான் அண்ணன்.

"எப்போ அடைப்பீங்க? அதுல இருந்த மீனோட பேரன் பேத்தியெல்லாம்கூட இந்நேரம் செத்திருக்கும்!"

அவர் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கையை உயர்த்தினார். "மச்சான், தொட்டி போகுது. அடுத்தது. இந்தக் கிடார் யாருது?"

அண்ணன் திருதிருவென்று விழித்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நாள் வாசிச்சுக் காட்டினதில்லையே. யாருக்கு வாசிக்க வாங்கினீங்க?"

அன்றைக்கு அந்த வீட்டை விட்டு முதலில் வெளியேறிய சாமான் அந்தக் கிடார்தான். அண்ணனே ஓடிப்போய் வாசலில் வைத்துவிட்டு வந்தான். கேட்டு அலறியது. அலறட்டுமே, இனி யாரை எழுப்பப்போகிறது!

அதற்குப் பிறகு வேலை பறந்தது. "இத்தனை அட்டைப்பெட்டி எதுக்குக்கா?" "வீடு மாறினா உதவும்டா." "சொந்த வீட்டுல உக்காந்துக்கிட்டு எங்க மாறப்போற?" போயிற்று. கடிகாரங்களில் ஓடாதவை எல்லாம் போயின, ஓடுகிற ஒன்றை அக்காவே துடைத்து அண்ணி கையில் கொடுத்தாள். குழந்தை வண்டியைத் தொட்டதும் அக்கா மட்டும் கொஞ்சம் நின்றாள்.

"என் பையன் ராத்திரியில கண்ணே மூடமாட்டான். இதுல போட்டுத்தான் விடிய விடியத் தள்ளுவேன். தள்ளிக்கிட்டே நானும் அழுவேன்," என்றாள். சொல்லி முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "இப்ப அவனுக்கு மீசை வந்தாச்சு. எங்க கடையில வேலை பார்க்கிற பொண்ணு மாசமா இருக்கா. அவளுக்குக் குடுத்துடலாம்."

விசிலுக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. காலையெல்லாம் கட்டைவிரலை ஆட்டி ஆட்டி ஒரு சாமானையும் அசைக்க முடியவில்லை. வாய்விட்டு அதன் கதையைச் சொல்லித் தீர்த்துவிட்டால் கை தானாகவே விட்டுவிடுகிறது. அந்த வீட்டில்தான் பேச்சுக்கே இடமில்லாமல் இருந்ததே, சாமான் எப்படிப் போகும்?

அந்த ஞானம் பிறந்த கையோடு அவள் குட்டும் வெளிப்பட்டது. அண்ணி ஒரு கோணிமூட்டையை இழுத்து வந்து கவிழ்த்தாள். காற்றுப் போன பந்துகள், வெடித்த பந்துகள், தோல் உரிந்த பந்துகள், பள்ளிக்கூடம் வேண்டாமென்று ஒதுக்கியவை.

"அது... ஒட்டுப்போட்டா ஆகும்," என்றாள் விசில், எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த மகராசி.

"செத்த பந்துக்கெல்லாம் இந்த ரூம்ல இடம் இருந்திருக்கு," என்றாள் அக்கா சிரித்துக்கொண்டே, "உன் புருஷனுக்குத்தான் இல்ல."

விளையாட்டாகச் சொன்னதுதான். விசிலுக்குச் சுருக்கென்றது. பந்துகளை மூட்டைக்குள் அள்ளிப் போட்டு, தானே தோளில் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

பழைய சாமான் வாங்குகிறவரின் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனதும் கூடம் அகலமாகிவிட்டது. அண்ணி பின்னறையைக் கழுவித் துடைத்தாள். அக்கா ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் திரை தைத்து மாட்டினாள். அண்ணன் தன் பையிலிருந்து லிஃப்ட் கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் பட்டையை எடுத்தான். கதவு நிலையைச் சுற்றி அதை ஒட்டி, "மாப்ளே, உள்ள போய்ப் படுங்க. நாங்க இங்கிருந்து கத்திப் பார்க்கிறோம். கேட்டா பதில் குரல் குடுங்க," என்றான்.

கதவைச் சாத்தினார்கள். அண்ணி முதலில் கத்தினாள். "இந்த வீட்டு மாப்பிள்ளை ஒரு கஞ்சப் பேர்வழின்னு ஊரே பேசுது!"

"யாரு பேசினதுன்னு பேரைச் சொல்லும்மா!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அண்ணன் கதவின் அடிப்பக்கம் இன்னொரு பட்டை வைத்தான். அக்கா கத்தினாள். "தம்பி, உங்க ரொட்டி கல்லு மாதிரி இருக்கு!"

கொஞ்சம் பொறுத்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல, "ஏதோ கல்லுன்னு கேட்டுது," என்று வந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் சாவித்துவாரத்தையும் அடைத்து, மேல் இடுக்கில் ஒரு பட்டையை அழுத்தினான். சாவகாசமாக, இழைத்து இழைத்துச் செய்தான்.

"இப்ப விசிலு கத்தட்டும். இந்தத் தொண்டைக்குத் தாங்கிட்டா வேற எதுக்கும் தாங்கும். மைதானத்துல கத்துற மாதிரி கத்து, வெக்கப்படாத."

விசில் கதவுக்கு நேரே நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். ஏதாவது கேலியாகக் கத்தத்தான் நினைத்தாள். அந்தக் கூடத்தில் வாய்விட்டுக் கத்தி எத்தனை காலம் ஆகிறது என்று அவளுக்கே தெரியாது. வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது.

"ஏங்க! உங்க கை சுட்டுச்சே, அன்னிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க! நீங்க வேலைக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறேன்! பயமா இருக்குங்க! உங்களுக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்ணுவேன்!"

கூடம் அதிர்ந்து அடங்கியது. அண்ணன் தரையைப் பார்த்தான். அண்ணி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து பதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். கேட்டுவிட்டது, மனிதர் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

விசில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கதவைத் திறந்தாள்.

மெத்தைகூட இன்னும் உள்ளே போடவில்லை. துடைத்த தரையில் ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. அதன்மேல் அவர் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. கண்மேல் துண்டு இல்லை. அடித்துப்போட்டதுபோல அப்படி ஒரு தூக்கம்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"பாவம்டி, மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டினியே," என்று அக்கா பழக்கதோஷத்தில் கிசுகிசுத்தாள். "அவருக்கு ஒரு வார்த்தைகூட எட்டலையே."

"எட்டலக்கா!" என்று விசில் தன் முழுத் தொண்டையில் கத்தினாள். அழுதுகொண்டே சிரித்தாள். "எட்டவே இல்லக்கா!"