அகரவரிசையில் ஒரு பூனை

என் மனைவி நூலகர். எதைக் கண்டாலும் அகரவரிசையில் அடுக்காவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில்கூட இருமல் மருந்துக்குப் பின்னால்தான் தலைவலி மாத்திரை. பதினோரு வருடமாக இதைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் எதில் கை வைத்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

விஷயம் இதுதான். அவளுடைய சிறுவர் பிரிவில் ஒரு பழைய கணினி உண்டு. யாரும் அதைத் தொடுவதில்லை. "மாசக் கடைசி சனிக்கிழமைக்குள்ள பிள்ளைங்க யாரும் அதுல உக்காரலைன்னா தூக்கிடுவேன். அங்க பேப்பர் ஸ்டாண்டு வரும்" என்று தலைமை நூலகர் சொல்லிவிட்டார். அந்த ஒரு மூலைக்காக இரண்டு வருடம் மனு எழுதியவள் என் மனைவி. அவள் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஒயரிங் வேலை செய்பவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, பூனை எலி பிடிக்கும் ஒரு விளையாட்டை எழுதினேன். உள்ளே இருக்கும் பெயர்களைக்கூடத் தமிழிலேயே வைத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டில் ஜம்மென்று ஓடியது.

மாசக் கடைசி சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு அதை நூலகக் கணினியில் ஏற்றினேன். எட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். தலைமை நூலகர் பேப்பர் ஸ்டாண்டைப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார். நான் ஓட்டினேன். பூனை வரவில்லை. சிவப்பு எழுத்தில் நேம் எரர் வந்தது. 'ஆட்டம்_தொடங்கு' என்று ஒரு பெயரையே அதற்குத் தெரியாதாம்.

எழுதியதை மேலிருந்து பார்த்தேன். ஆட்டம், எலி, சுவர், திரை, பூனை, வால், வேகம்.

"நீ இதுல கை வச்சியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கன்னாபின்னான்னு கெடந்துச்சுங்க. அடுக்கித்தான் வச்சேன். ஒரு வரியக்கூட அழிக்கலை."

அழிக்கவில்லைதான். ஆனால் பைத்தான் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். ஒருவரை அறிமுகப்படுத்தும் முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது யார் என்று கேட்டு நின்றுவிடும். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

தொடங்கும் வரியை அடியில் கொண்டுபோய் வைத்து, மறுபடி ஓட்டினேன். இப்போது 'வேகம்' தெரியாதாம். எலியைச் செய்யும் வரிக்கு வேகம் வேண்டும், அதுவோ கடைசியில் கிடந்தது. வெட்டி மேலே ஒட்டினேன்.

"அடுத்து யாரத் தெரியாதுன்னு சொல்லும் மாமா?" என்றாள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி.

"எலிய" என்றது ஒரு குரல். "இல்ல, சுவத்த" என்றது இன்னொன்று. ஓட்டினேன். வந்தது 'திரை'. அத்தனை பேரும் ஏமாந்ததில் ஒரே கூச்சல்.

"சத்தம் கூடாது" என்றார் தலைமை நூலகர். பிறகு கழுத்தை நீட்டித் திரையை எட்டிப் பார்த்தார். "பூனையோட வரியில வால் இருக்கு. வால் அதுக்குக் கீழ கெடக்கு. அப்ப அடுத்தது வால்தான்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல்.

'திரை' வரியை மேலே ஏற்றிவிட்டு ஓட்டினேன். வால்தான். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குதித்தார்கள். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

வாலையும் ஏற்றியதும் பூனை வந்தது, எலி ஓடியது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிள்ளைகள் இரண்டு நிமிடம் விளையாடினார்கள். பிறகு பல் விழுந்தவள் என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, பூனை போதும். தெரியாது தெரியாதுன்னு சொல்லுமே, அந்த ஆட்டத்தையே வைங்க."

மூன்று வார உழைப்பு. பொய் சொல்வானேன், நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"உக்காரு. நல்லா கலைச்சுப் போடு."

பதினோரு வருடத்தில் அவள் ஒன்றைக் கலைத்துப் போட்டு அன்றுதான் பார்த்தேன். அதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். தலைமை நூலகர் பேப்பர் ஸ்டாண்டைத் தானே தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்று திரும்பினார்.

"நான் வர்ற வரைக்கும் ஓட்டிடாதீங்க" என்றார்.