வருடத்துக்கு ஒரு கையெழுத்து

மகள் பெயரில் இருக்கும் வீட்டுக்கு நான்தான் கார்டியன். அவள் தன் அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை நானும் மகளும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வரிசை நகரவில்லையே என்று எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். நான் மட்டும் பின்னால் நிற்பவர்களை முன்னே விட்டுவிட்டு அவளோடு பேசிக்கொண்டிருப்பேன்.

இந்த முறை வாசலைப் பார்த்தபடியே ஏழு பேரை விட்டேன். அவள் வரவில்லை.

"புதுச் சட்டம் சார்," என்றார் குமாஸ்தா. "ஏற்கெனவே கார்டியனா இருக்கறவங்களுக்கும் பொருந்தும். இனிமே மைனர் வர வேண்டாம், உங்க கையெழுத்து மட்டும் போதும். பொண்ணோட அம்மாவுக்கு லெட்டர் போட்டாச்சே. அலைச்சல் மிச்சம்!"

அலைச்சலாம்! எவன் கேட்டான்?

"பழையபடியே ரெண்டு பேரும் வந்து போட்டா தப்பா?" என்றேன்.

ஏதோ ஜோக் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.