கிரேனுக்குக் கீழே போனது

பார்த்தவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் அண்ணாந்து பார்த்தவர்கள். அதனால் விசாரணைக்கு வந்த அதிகாரியம்மாவும் அண்ணாந்து பார்த்தவர்களை மட்டுமே கூப்பிட்டு அனுப்பினார். குனிந்து பார்த்த ஒரே ஆள் கிரேன்காரர். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வலியப் போய்ப் பதில் சொல்லி வம்பை இழுத்துக்கொள்கிற ஆளும் அவர் இல்லை.

சங்கதி இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, துறைமுகத்துக்கு மேலே என்னவோ ஒன்று வந்து போனது. ஈரக் கண்ணாடி மாதிரி இருந்தது என்றான் ஒரு லாரி டிரைவர். அண்டா மூடி என்றார் கேண்டீன் சமையல்காரர். அவருக்குக் கண்ணில் படுவதெல்லாம் பாத்திரம்தான். வானம் ஓரிடத்தில் மட்டும் கொதித்தது என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். போன் மேல் போன் போனது. வான் பாதுகாப்புத் துறையிலிருந்து அதிகாரியம்மா வந்து இறங்கினார். யார்டு ஆபீஸில் ஹெல்மெட் அடுக்கி வைக்கிற அறையைக் காலி செய்து மேசை போட்டுக் கொடுத்தார்கள். மேசை மேல் ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு கட்டுப் படிவம், மூக்கைத் துடைக்க ஒரு கைக்குட்டை. வந்த அன்றே அந்த அம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது.

பதினொரு பேரில் பத்துப் பேருக்கு இது வேடிக்கை. சொன்னால் சொன்னார்கள், விட்டால் விட்டார்கள். பதினோராவது ஆளுக்கு அப்படி இல்லை. அவன் கிரேன்காரரின் மைத்துனன், மனைவியின் தம்பி. அந்தக் கிரேனுக்குக் கீழே நின்று கையசைத்து சிக்னல் காட்டுகிற வேலை அவனுக்கு. பாரம் தொங்கும்போது கண்ணை அதிலிருந்து எடுக்கக்கூடாது என்பது யார்டில் முதல் சட்டம். அன்றைக்கு இருபத்திரண்டு டன் இயந்திரப் பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இவன் அதற்கு நேர் கீழே, கையையும் காலையும் விரித்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்த மேனேஜர் ஓடிவந்து அவன் வாயை முகர்ந்தார். வாசனை இல்லை.

"குடிக்கலைன்னா அது இன்னும் மோசம்" என்று சொல்லி அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்.

அறிக்கையில் உண்மையிலேயே ஏதோ இருந்தது என்று வந்தால் எச்சரிக்கையோடு வேலை. பலூன் என்று வந்தால் சீட்டுக் கிழிந்தது. அப்புறம் எந்தத் துறைமுகத்திலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் ஊரறிந்த புளுகன். ஒரு தடவை தன் மாமியார் வீட்டுக் கிணற்றில் திமிங்கிலம் மூச்சு விட்டதைக் கேட்டதாகச் சொன்னவன். யார்டில் அவனுக்குப் பெயரே ‘ஆகாசம்’. ஆகாசப்புளுகன் என்று முழுசாகக் கூப்பிட நேரம் இல்லாமல் பாதியில் வெட்டிய பெயர்.

கிரேன்காரர் நேர் எதிர். இருபத்தேழு வருஷமாகக் கிரேன் உச்சியில் இருக்கிற கூண்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர். படிப்பு என்று பார்த்தால் பெட்டியில் எழுதியிருக்கும் எடையைப் படிக்கிற அளவுக்குத்தான். தரையில் நிற்கிறவன் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் பாரம் எவன் தலையிலாவது விழும் என்பது அவர் கண்ட பாடம். அதனால் எவனையும் நம்புவதில்லை. காகிதத்தை அதைவிடக் குறைவாக நம்புவார். மேனேஜர் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீங்க என்ன பார்த்தீங்க?"

"நான் மேலே பார்க்கலை" என்றார் கிரேன்காரர்.

சத்தியமான வார்த்தை. ஆனால் தலையை மட்டும் காட்டி உடம்பை ஒளித்த உண்மை. மீதியைச் சொல்ல அவருக்குப் பயம். கண்ணுக்கு என்னவோ தெரிந்தது என்று வாய்விட்டால் போதும். கண் டாக்டர், மூளை டாக்டர் என்று அலையவிட்டு, அந்தக் கூண்டில் வேறொருத்தனை ஏற்றிவிடுவார்கள். வெயில் ஏமாற்றியிருக்கும் என்று எட்டு நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து எதிரே நின்றாள்.

"என் தம்பி புளுகன். நானே சொல்றேன். ஆனா புளுகுறவன் வயிறு நிறையச் சாப்பிடுவான். இவன் எட்டு நாளா தட்டைத் தொடலை."

"அதுக்கு நான் ஊட்டிவிடவா?"

"நீங்க அங்கதானே இருந்தீங்க."

"நான் மேலே பார்க்கலைன்னு எத்தனை தடவை சொல்றது."

"அதைத்தான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்றீங்க. மேலே பார்க்கலை, சரி. கீழே என்னத்தைப் பார்த்தீங்க?"

அவர் கயிற்றை இறுக்கி முடிந்தார். இறுக்கியதில் கயிறு அறுந்தது. அறுந்த கயிற்றோடேயே கிளம்பிப் போனார்.

அன்றுதான் அதிகாரியம்மாவுக்குக் கடைசி நாள். படிவங்களைக் கட்டிப் பைக்குள் வைத்தாகிவிட்டது. வானிலை பலூன் என்று எழுதவேண்டியதுதான் பாக்கி என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. அந்த நேரத்தில் கிரேன்காரருக்கு அழைப்பு வந்தது.

"உட்காருங்க."

"நிக்கிறேன் மேடம். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன்."

"நீங்க சொந்தக்காரர்ங்கறதால உங்களைக் கூப்பிடலை. மேலே பார்க்கலைன்னும் மேனேஜர் எழுதியிருக்கார். ஆனா உங்க மைத்துனர் சொன்னதுல ஒரு வரி எனக்கு இடிக்குது." மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் படித்தார். "‘பெட்டி கண்ணாடி ஆகிவிட்டது. பெட்டிக்கு ஊடே மாமா தெரிந்தார். வெறுங்காலோடு இருந்தார். இடது கால் கட்டைவிரலில் நீலத் துணி சுற்றியிருந்தார்.’"

கிரேன்காரர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார்.

"பதினாறு வருஷமா நான் இந்தக் கதையெல்லாம் கேக்கறேன். பொய் சொல்றவங்க பெரிசா சொல்வாங்க. வெளிச்சம் வந்துச்சு, ஆள் இறங்கினான், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். கட்டைவிரல்ல துணின்னு இதுவரைக்கும் எவரும் பொய் சொன்னதில்லை. கிரேன்ல பூட்ஸ் போடணும்னு சட்டம் இருக்குல்ல?"

"இருக்கு."

"போட்டிருந்தீங்களா?"

ஏணியில் ஏறிக் கூண்டுக் கதவைச் சாத்தியதும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுவது அவருடைய இருபத்தேழு வருஷப் பழக்கம். பிரேக் மிதியை வெறுங்காலால் தொட்டால்தான் பாரத்தின் மனசு தெரியும் என்பார், தனக்குள்ளேயே. பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிதியின் விளிம்பில் இடித்து நகம் பெயர்ந்தது. கண்ணாடி துடைக்கிற நீலத் துணியில் ஒரு நாடா கிழித்துச் சுற்றிக்கொண்டார். சாயங்காலம் பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை என்று அதை அவிழ்த்து இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு இறங்கினார். பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கவும் முடியாது. நாற்பது மீட்டர் உயரம், நடுவில் இருபத்திரண்டு டன் இரும்பு.

ஆக, வெயில் இல்லை. ஒருத்தன் கண்ணை வெயில் ஏமாற்றலாம். மேலே இருந்தவனையும் கீழே கிடந்தவனையும் ஒரே கணத்தில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுக்க வெயிலால் ஆகாது. நிற்கிறேன் என்று சொன்ன கிரேன்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"வெறுங்கால்தான் மேடம்" என்றார். "துணி நீலம்தான்."

"உங்க வீட்டுல யாராவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வீட்டுக்கே தெரியாது. துணி இன்னும் மேலே இருக்கைக்கு அடியிலதான் கிடக்கு. அவன் பாஸைப் பிடுங்கி எட்டு நாளாச்சு, ஏறி வந்து பார்த்திருக்கவும் முடியாது. இன்னொண்ணும் சொல்றேன், எழுதிக்குங்க. மேலே பார்க்கலைன்னு நான் சொன்னது பொய் இல்லை. அது மேலே போகலை. எனக்குக் கீழே போச்சு."

அதிகாரியம்மா படிவத்தைப் பார்த்தார். வானில் எந்தத் திசை, தரையிலிருந்து எவ்வளவு கோணம், மேகத்துக்கு மேலா கீழா.

"உங்க படிவத்துல அதுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"இல்லை" என்றார் அந்த அம்மா. படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தார். பிறகு எழுந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார்.

கிரேன் ஏணியில் நூற்றுப் பதினெட்டுப் படி. உயரம் என்றாலே தலை சுற்றும் என்று அந்த அம்மா பத்தாவது படியிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் ஏறினார். ஆபீஸ் ஆட்களைப் பற்றிக் கிரேன்காரர் வைத்திருந்த கணக்கில் இது ஒத்துவரவில்லை. நாற்காலி இல்லாத இடத்துக்கு அதிகாரி ஏறி அவர் பார்த்ததில்லை. கூண்டுக்குள் வந்ததும் அந்த அம்மா காலுக்கடியில் யார்டு தெரிகிற கண்ணாடித் தரையைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். இருக்கைக்கு அடியில் நீலத் துணி, காய்ந்த ரத்தத்தோடு சுருண்டு கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. அது கிடந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க" என்றார், மெதுவாக.

அன்றைக்கு அந்தப் பெட்டி பாதி உயரத்தில் தொங்கியது. கிரேன்காரரின் கண் வழக்கம்போல இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடித் தரை வழியாகப் பெட்டியின் மேல். அப்போது கடல் பக்கமிருந்து ஏதோ நகர்ந்து வந்தது. வந்தது என்று சொல்வதே தப்பு. தெளிந்த தண்ணீருக்குள் இன்னும் தெளிந்த தண்ணீர் நுழைந்தால் எப்படி இருக்குமோ அப்படி, காற்றுக்குள் இன்னொரு காற்று. யார்டு நீளத்துக்குப் படுத்திருந்தது. சத்தம் இல்லை. கூண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே தொங்கிய கம்பி வடத்தைத் தாண்டிப் போனது, வடம் அசையவில்லை. பாரம் காட்டுகிற முள் மட்டும் இருபத்திரண்டிலிருந்து இறங்கிப் பூச்சியத்தில் போய்ப் படுத்தது.

பிறகு பெட்டி திறந்துகொண்டது. மூடி அப்படியேதான் இருந்தது. பார்வை உள்ளே போனது. மரப்பலகை, அதற்குள் இரும்பு, இரும்புக்குள் பல்சக்கரம், பல்சக்கர இடுக்கில் மசகு எண்ணெய், அதில் ஒட்டியிருந்த ஒரு தூசி வரைக்கும். ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, எல்லாவற்றுக்கும் அப்பால் மைத்துனனின் முகம், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல. கண் இமை மயிரை எண்ணலாம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கீழே சிமெண்டு, சிமெண்டுக்குக் கீழே மண், மண்ணுக்குள் துருப்பிடித்த பழைய நங்கூரம் ஒன்று, அதற்கும் அடியில் கடல் இருட்டாக ஊறி அசைந்துகொண்டிருந்தது. இருபத்தேழு வருஷமாகத் தான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை முதல் தடவையாக அவர் பார்த்தார்.

இவ்வளவையும் அதிகாரியம்மாவிடம் சொன்னார். ஒன்றைச் சொல்லவில்லை. அவன் சட்டைக்குள், நெஞ்சுக்கூட்டுக்குள், கைப்பிடி அளவில் ஒன்று அடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். அந்தப் புளுகன், அந்த வாயாடி, அவனுக்குள்ளே அது பாட்டுக்கு ஒரு பொய்யும் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை எந்தக் காகிதத்திலும் எழுதவிட அவருக்கு மனசு வரவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மூச்சு. அப்புறம் கரைப் பக்கமா போயிடுச்சு. முள் திரும்பி இருபத்திரண்டுக்கு வந்துச்சு."

அதிகாரியம்மா எதுவும் எழுதவில்லை. சுவரிலிருந்து மெல்ல விலகி, கண்ணாடித் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து கீழே பார்த்தார். பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. கீழே வெறும் யார்டு. ஒரு லாரி, நாலு ஹெல்மெட், வெயில்.

"பதினாறு வருஷம்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிச்சவங்களையே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அறிக்கையில் பலூன் வரவில்லை. ‘இன்னதென்று தெரியவில்லை’ என்று வந்தது. அரசாங்கக் காகிதம் ஒன்று தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதைக் கிரேன்காரர் அன்றுதான் கேள்விப்பட்டார். மைத்துனனுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. கிரேன்காரருக்கு வெறுங்காலுக்காக ஒரு மெமோ. அவர் பயந்தபடியே கண் டாக்டர், மூளை டாக்டர். இரண்டு வாரம் கூண்டில் வேறொருத்தன் உட்கார்ந்தான். கண்ணில் பழுது இல்லை, மண்டையிலும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

இப்போதெல்லாம் யார்டில் டீ நேரத்துக்கு எல்லோரும் அண்ணாந்துதான் நிற்கிறார்கள். கிரேன்காரர் கால் நடுவே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், பூட்ஸோடு.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், முதல் பாரம் மேலே வந்துகொண்டிருந்தபோது வாக்கி டாக்கி கரகரத்தது.

"மாமா. ஒண்ணை மட்டும் நான் அந்த அம்மாகிட்ட எழுதிக் குடுக்கலை."

"என்னடா?"

"அன்னிக்கு நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க."

பெட்டி கூண்டுக்குக் கீழே வந்து நின்றது. சாதாரண மரப்பெட்டி, ஊடே ஒன்றும் தெரியவில்லை. அதன் விளிம்புக்கு வெளியே ஒரு மஞ்சள் ஹெல்மெட், தூக்கிய ஒரு கை. அந்தக் கை அடுத்த சிக்னலைக் காட்டிவிட்டுக் காத்திருந்தது. கிரேன்காரர் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்ச நேரம் பாரத்தை அப்படியே நிறுத்திவைத்திருந்தார்.

"வேலையைப் பாருடா" என்றார் கடைசியில்.