மிதிக்கக் கூடாது

பெருங்களத்தூர் மேம்பாலத்தின் அடியில் ரோஸி மின்சார சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர் கேன்கள். இந்த வண்டிக்கு மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருந்தது, விலை மலிவு. பெடலை ஒட்டி மோட்டார் வைத்த இன்னொரு வண்டி நிழலில் நின்றது. அது விலை ஜாஸ்தி.

"ஆக்சிலேட்டர மட்டும் திருவுக்கா. மிதிக்கக் கூடாது," என்றான் மெக்கானிக் குணா.

எந்த மோட்டார் குறைந்த சார்ஜில் பாரத்தைப் பாலத்தின் மேலே ஏற்றுகிறதோ அதைத்தான் முதலாளி தோத்தாத்ரி எல்லா வண்டிக்கும் போடப்போகிறார். பீர்க்கன்கரணைக்குத் தண்ணீர் போட்டுப் போட்டு ரோஸியின் வலது முட்டி வீங்கிக் கிடந்தது. மோட்டாரும் காலை வாரினால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். 'மாதாவே, நல்லதா ஒண்ணு அமையட்டும்' என்று வேண்டிக்கொண்டாள்.

இரண்டு வண்டியையும் ஓட்டிக் காட்டினாள். மீட்டரைப் பார்த்த தோத்தாத்ரிக்கு வாயெல்லாம் பல்.

"மலிவானதுதான் கம்மியா சார்ஜ் எடுத்திருக்கு. அதையே ஆர்டர் பண்ணிடலாம்."

அந்த வண்டியில் மேடு ஏறியபோதுதான் ரோஸிக்குத் தொடை விண்விண்ணென்று தெறித்தது. ஏன் என்று யோசித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சார், தப்பு நடந்துபோச்சு. பாதி மேட்டுல வண்டி திணறிச்சு. காலு தன்னால மிதிச்சிட்ச்சு சார்."

"இன்னாக்கா நீ!" குணாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன் காலையும் மோட்டார் கணக்குல சேத்துட்டியே!"

அவள் காலை நம்பிப் பயனில்லை என்று அந்த வண்டியின் பெடல்களையே கழற்றிவிட்டான். காலைத் தொங்கப்போட்டபடி ரோஸி மறுபடி கிளம்பினாள். பாதி மேட்டில் வண்டி முனகி நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. குணா ஓடிப்போய்ப் பிடித்தான். மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

தோத்தாத்ரி உச்சுக்கொட்டினார். "சரி, அந்த இன்னொண்ணையே வாங்கிடலாம்."

ரோஸிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் இனி எதற்கு என்று முட்டிக்குத் தைலம்கூட வாங்கவில்லை.

அடுத்த மாதம் புது மோட்டார் வந்தது. ஆசையாக வண்டியை எடுக்கப் போனாள். கேரியருக்கு மேலே புதிதாக ஒரு இரும்பு வளையம் வெல்டிங் செய்திருந்தது. அதில் மூன்றாவது கேன் உட்கார்ந்திருந்தது.

"அதான் மோட்டார் நல்லா இழுக்குதேம்மா," என்றார் தோத்தாத்ரி. கூலி மட்டும் பழையபடி நடைக்கு இவ்வளவு என்றுதான்.

வண்டி சத்தமில்லாமல் பாலத்தில் ஏறியது. எதிர்காற்று முகத்தில் பட, முட்டி நோகாமல் உட்கார்ந்து வருவது சுகமாகத்தான் இருந்தது. பாதி மேடு தாண்டியதும் வேகம் குறைந்தது. ரோஸி குனிந்து பார்த்தாள். கால்கள் மிதிக்க ஆரம்பித்திருந்தன.