ரப்பர் தேய்த்த ஓரம்

1

ஒரு வலது தோளின் விலை: ஐஸ்கட்டிப் பை ஒன்று, வலி மாத்திரை ஆறு. கிரிக்கெட் கிளப் வைத்த விலை. கடைத்தெருவிலேயே வளர்ந்த நானும் இப்படியொரு அடிமாட்டு விலையைக் கேட்டதில்லை.

கதை கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு டாக்டரிடம் என் கழுத்தைக் காட்டப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். தம்பிக்கு இருபத்து நாலு வயது, வேகப்பந்து வீசுகிறவன். கை தோளுக்கு மேலே எழவில்லை. ஆபரேஷன் செய்யாவிட்டால் இனி எழாது.

2

"புயலென ஓடிவந்த அந்த இளைஞனின்..."

வேண்டாம். புயலுக்குத் தோள் வலிக்காது.

அக்காதான் கிளப்பின் ஸ்கோரர். பந்துக்கு ஒரு புள்ளி வைப்பாள். வாரத்தில் நூற்றிருபது பந்துக்கு மேல் வீசவைத்துத் தோள் போனால் ஆபரேஷன் செலவு கிளப்புடையது. நல்ல விதிதான். ஆனால் நோட்டில் ஏறினால்தான் பந்து. செயலாளரின் மாப்பிள்ளை அடித்துப் பழக, பயிற்சி வலைக்குள் தினமும் வீசியதெல்லாம் காற்று வாங்கிய கணக்கு.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொன்னா அடுத்த மேட்ச்ல என் பேர் இருக்காதுக்கா."

"இப்ப மட்டும் இருக்கா?"

3

வலைப் பந்துகளையும் அக்கா எண்ணினாள். நோட்டின் ஓரத்தில் பென்சில் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டி. சனிக்கிழமை ஆட்டத்தில் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவசரமாக நோட்டை ஒப்படைக்கும்போது, வாராவாரம் செய்வதுபோல, நோட்டு சுத்தமாக இருக்க வேண்டுமென்று ஓரத்தை ரப்பரால் அழித்தாள். கை தானாகச் செய்தது.

(இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். மூன்று முறையும் அவள் அழித்தாள்.)

திங்கட்கிழமை ஆபரேஷன் செலவைக் கேட்டபோது செயலாளர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "தொண்ணூறு பந்துதாம்மா. நீ எழுதினதுதான். கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

"ஓரத்துல கோடு போட்டிருந்தேன் சார்."

"எங்க, காட்டு?"

காகிதத்தில் ரப்பர் தேய்த்த மினுமினுப்பு மட்டும் இருந்தது.

4

முடிவு ஒன்று: பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் கோடுகளின் தடம் தெரிகிறது. பொய். அவள் அழுத்தி எழுதுகிறவள் இல்லை.

முடிவு இரண்டு: மாப்பிள்ளை வந்து உண்மையைச் சொல்கிறான். யாரை ஏமாற்றுகிறேன்? அவன் எண்ணியதெல்லாம் அவன் அடித்த சிக்ஸர்களை.

மூன்றாவது என்னிடம் இல்லை. இந்தச் சனிக்கிழமையும் அவள் ஸ்கோர் மேசைக்குப் போனாள் என்பது மட்டும் தெரியும். வலைக்குள் வேறொரு பையன் வீசிக்கொண்டிருந்தானாம். அவள் பென்சிலை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தாள். மனதில் வைத்திருந்த தம்பியின் கணக்கை, ஓரத்தில் அல்ல, பக்கத்தின் நடுவில் எழுதினாள்.

"அங்க எழுதக் கூடாதும்மா!" என்றார் செயலாளர்.

"அழிச்சுக் காட்டுங்க சார்."

அவர் அழித்தாரா, பக்கத்தையே கிழித்தாரா? நீங்களே முடிவு செய்யுங்கள். அவள் எழுதியது இதுதான்:

ஆட்டத்தில் 90.
வலையில், அறுபத்திரண்டு கட்டு, 310.
மொத்தம் 400.
விதிப்படி 120.
பாக்கி: ஒரு தோள்.